‘உயர் ஆபத்து’ என்று எழுதிய பிறகு: உளநல வைத்தியர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்?

சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு, சல்லிக் கிராமத்திலிருந்து 46 வயதான மீனவர் ஒருவரை மனைவியும் மைத்துனரும் முச்சக்கர வண்டியில் ஏற்றித் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இவர் கற்பனை மனிதர். எவருடைய வாழ்வையும் பார்த்து எழுதப்பட்டவர் அல்லர். உடலில் காயம் எதுவும் இல்லை. ஆனால் அன்று பின்னேரம், மாமனாரின் வெங்காயத் தோட்டத்துக்கென வாங்கி வைத்திருந்த மருந்துப் போத்தலோடு கிணற்றடியில் தனியே இருந்தவரை மகள் கண்டு சத்தமிட்டிருக்கிறாள். வாடைக்காற்றுக் காலம் தொடங்கியதிலிருந்து வள்ளம் கடலில் இறங்கவில்லை, எஞ்சினுக்கு எடுத்த கடனைக் கேட்டுக் கிழமைதோறும் ஆள் வருகிறது, மூன்று வாரமாக நித்திரை இல்லை, குடி கூடிவிட்டது. கேட்டால், “ஒண்டுமில்லை, சும்மா இருந்தனான்” என்கிறார். வீட்டுக்குப் போகவேண்டும் என்றும் சொல்கிறார்.

இவரை அனுப்பிவிடுவதா, விடுதியில் வைத்திருப்பதா, அவர் மறுத்தாலும் வைத்திருப்பதா, அனுப்பினால் எந்த ஏற்பாட்டோடு அனுப்புவது என்பதையெல்லாம் கடமையிலிருக்கும் வைத்தியர் ஒரு சில மணி நேரத்துக்குள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தத் தீர்மானம் வைத்தியரின் மனநிலையைப் பொறுத்தது போலவோ, கட்டில் காலியாக இருப்பதைப் பொறுத்தது போலவோ தோன்றக்கூடும். நான் வைத்தியர் அல்லன். மனச்சோர்வு நோயால் நெடுங்காலம் துன்பப்பட்ட என் சின்னம்மாவுடன் கிளினிக் வாங்குகளில் பல ஆண்டுகள் காத்திருந்தவன். அங்கே கேட்கப்பட்ட கேள்விகளிற் சில எனக்குத் தேவையற்றவையாகவும், சில கொடுமையானவையாகவும் அப்போது பட்டன. அவற்றின் காரணத்தைப் பின்னர் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டபோது, குடும்பங்களுக்கு இதை முன்கூட்டியே யாராவது சொல்லித் தந்திருக்கலாம் என்று நினைத்தேன். அந்த எண்ணமே இந்தக் கட்டுரை.

யார் இறப்பார் என்று சொல்ல முடியாது

முதலில் தெளிவாக வேண்டியது, வைத்தியர்கள் எதைச் செய்வதில்லை என்பதே. இன்னார் தம் உயிரை மாய்த்துக்கொள்வார், இன்னார் மாட்டார் என்று அவர்களால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதற்காகப் பல புள்ளிமுறைப் படிவங்கள் உருவாக்கப்பட்டிருக்கின்றன. வயது, பால், குடி, முந்திய முயற்சி என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளியிட்டுக் கூட்டிப் பார்க்கும் முறை அது. அதன் எல்லையைக் காட்டிய பழைய ஆய்வொன்றை ஐக்கிய அமெரிக்காவின் உளநல வைத்தியர் அலெக்ஸ் பொக்கோர்னி 1983இல் வெளியிட்டார். முன்னாள் படைவீரர் வைத்தியசாலை ஒன்றில் உளநோய்க்காக அனுமதிக்கப்பட்ட 4,800 பேரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது 67 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அறியப்பட்ட ஆபத்துக் காரணிகளைக் கொண்டு ‘உயர் ஆபத்து’ என்று பிரிக்கப்பட்ட 803 பேரில் இறந்தவர்கள் 30 பேர். எஞ்சிய 37 பேரும் அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள். அதாவது ஆபத்தானவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் உயிரோடிருந்தார்கள். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைப் பட்டியல் தவறவிட்டது.

இது கணக்கிட்டவரின் பிழையன்று. மிக அரிதாக நடக்கும் ஒன்றை, மிகப் பரவலாகக் காணப்படும் துன்பங்களைக் கொண்டு முற்கூற முயலும்போது எப்போதும் இப்படித்தான் ஆகும். கடனும் குடியும் நித்திரையின்மையும் உள்ள ஆண்கள் நம் கரையோரக் கிராமம் ஒவ்வொன்றிலும் பலர் இருக்கிறார்கள். அவர்களில் மிகமிகச் சிலரே அந்த எல்லைக்குப் போகிறார்கள். பின்னர் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்புகளும் இதே முடிவுக்கே வந்தன. இங்கிலாந்தின் நைஸ் என்னும் வழிகாட்டு நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிவுறுத்தலில், எதிர்காலத் தற்கொலையை முற்கூறுவதற்குப் புள்ளிப் படிவங்களைப் பயன்படுத்தக் கூடாது என்றும், ‘குறைவு, நடுத்தரம், உயர்வு’ என்று ஆளைப் பிரித்து அந்தப் பிரிப்பைக் கொண்டு யாருக்குச் சிகிச்சை கொடுப்பது என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் சொன்னது.

அப்படியானால் ஆபத்தைப் பற்றிப் பேசுவதே வீணா என்று கேட்கலாம். வாடைக் காலத்தில் எந்த வள்ளம் கவிழும் என்று திருக்கடலூரிலோ நிலாவெளியிலோ எவரும் பார்த்துச் சொல்வதில்லை. காற்று எப்படியிருக்கிறது, வள்ளத்தில் நீர் கசிகிறதா, எஞ்சின் இடையில் நிற்கக்கூடியதா, கூட இன்னொரு வள்ளம் போகிறதா, கரையில் யாருக்குத் தெரியும் என்றுதான் பார்ப்பார்கள். அவற்றைப் பொறுத்து இன்று இறங்குவதா என்று முடிவெடுப்பார்கள். வைத்தியரின் கேள்வியும் இந்த வகையைச் சேர்ந்ததே. இந்த மனிதருக்கு இப்போது ஏன் இந்த நிலை வந்தது, எது நடந்தால் இது மோசமாகும், எது நடந்தால் தணியும், இன்றிரவும் அடுத்த சில நாட்களும் இவருக்கு என்ன தேவை என்பவற்றை அறிவதே மதிப்பீட்டின் நோக்கம். ஆபத்து என்பது ஆளின் நெற்றியில் எழுதப்பட்ட ஒன்றல்ல. காற்றைப் போல மாறுவது. காலையில் ஒரு மாதிரியும், கடன்காரர் வந்துபோன பின்னேரத்தில் வேறொரு மாதிரியும் இருக்கும்.

கேட்பது எப்படி, யாரிடம், எந்த மொழியில்

ஒருவர் ஏற்கெனவே எதையாவது உட்கொண்டிருந்தால் உடலுக்கான அவசர சிகிச்சையே முதல் வேலை. சில நஞ்சுகளும் சில மாத்திரைகளும் முதல் நாளில் எந்தக் குறியையும் காட்டாமல் பின்னர் ஈரலையோ நுரையீரலையோ தாக்கக்கூடியவை என்பதால், “இப்ப நல்லா இருக்கிறார்” என்று குடும்பம் அழைத்துச் செல்ல முயல்வதை வைத்தியர்கள் கடுமையாகத் தடுப்பார்கள். கட்டணமில்லாத 1990 நோயாளர் காவு வண்டியை அழைக்கத் தயங்கவும் கூடாது. பொலிஸ் வழக்காகிவிடும் என்ற பயம் இன்றும் பலரைத் தாமதிக்கச் செய்கிறது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு இலங்கையில் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது, முயற்சித்தவர் தண்டிக்கப்படுவதில்லை.

நம் மீனவர் நஞ்சு எதையும் உட்கொள்ளவில்லை என்பது உறுதியானதும், வைத்தியர் அவருடன் தனியாகப் பேசவேண்டும். மனைவியை வெளியே இருக்கச் சொல்வது பலருக்கு மனக்குறையை உண்டாக்குகிறது. சின்னம்மாவின் அறைக்கு வெளியே நிற்கவைக்கப்பட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் தம் சாவைப் பற்றி நினைத்ததை மனைவியின் முன்னால் சொல்லக்கூடிய ஆண்கள் மிகக் குறைவு. வீட்டில் அடி விழும் பெண் ஒருத்தி, அடிப்பவரின் முன்னால் அதைச் சொல்லப்போவதும் இல்லை.

கேள்விகள் படிப்படியாக ஆழமாகும். நித்திரை, பசி, வேலை என்று தொடங்கி, “இவ்வளவு கஷ்டத்துக்குள்ள, உயிரோட இருக்கிறதே வேண்டாம் எண்டு நினைச்சீங்களா, அண்ணன்?” என்று வந்து, பின்னர் அந்த நினைப்பு எவ்வளவு நேரம் இருந்தது, வழிமுறை ஏதேனும் மனதில் வந்ததா, ஆயத்தம் எதுவும் செய்தாரா, எது அவரைத் தடுத்தது, முன்பு எப்போதாவது முயன்றதுண்டா என்று போகும். இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடும் என்ற அச்சம் நம்மிடையே வலுவாக உள்ளது. இதை ஆராய்ந்தவர்கள் அப்படி நேர்வதைக் காணவில்லை. கேட்கப்பட்டதால் பலர் ஆறுதலே அடைகிறார்கள். மறைத்துச் சுமந்த ஒன்றை இன்னொருவர் அதிர்ச்சியடையாமல் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல் அது.

மொழியைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். திருகோணமலை மூன்று சமூகங்கள் வாழும் மாவட்டம். வைத்தியரின் தாய்மொழி ஒன்றாகவும் நோயாளியின் தாய்மொழி வேறொன்றாகவும் இருப்பது இங்கே சாதாரணம். ஒடிந்த காலைப் பற்றிப் பாதி மொழியிலும் பேசிவிடலாம். சாக விரும்புவதைப் பற்றி அப்படிப் பேச முடியாது. நம்மவர்கள் மனச்சோர்வு என்ற சொல்லைச் சொல்லி வருவதில்லை. “யோசினை கூடிப்போச்சு” என்பார்கள். “நெஞ்சுக்குள்ள பாரம்” என்பார்கள். “தலைக்குள்ள எரியுது” என்பார்கள். “வாழ்க்கை வெறுத்துப்போச்சு” என்ற சொற்றொடரைச் சலிப்பிலும் சொல்வார்கள், சாவின் விளிம்பிலும் சொல்வார்கள். எந்தத் தொனியில், எந்த முகத்தோடு அது சொல்லப்பட்டது என்பதை அறியத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நோயாளியின் பிள்ளையாக இருக்கக் கூடாது. தகப்பன் சாக நினைத்ததைப் பதினொரு வயதுப் பெண்பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்வது அவளுக்குச் செய்யும் தீங்கு. தகப்பனும் உண்மையைச் சொல்லமாட்டார். தாதி உத்தியோகத்தர் ஒருவரையோ, பயிற்சி பெற்ற வேறு பணியாளரையோ வைத்துக்கொண்டு, ‘சொன்னதை அப்படியே சொல்லுங்கள், சுருக்கவேண்டாம்’ என்று கேட்டுக்கொள்வதே சரியான முறை.

நோயாளியுடன் பேசிய பின்னர் குடும்பத்தாருடன் பேசுவார்கள். போத்தலை முதலில் கண்டது யார், அண்மையில் யாருக்காவது பொருட்களைக் கொடுத்துவிட்டாரா, கடிதமோ தொலைபேசிச் செய்தியோ விட்டாரா, குடித்தால் எப்படி நடந்துகொள்வார், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பவை அவர் வாயிலிருந்து வராத தகவல்கள். நோயாளி சொன்னதை இரகசியமாக வைத்திருப்பது வைத்தியரின் கடமை. ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளபோது, பாதுகாப்புக்குத் தேவையான அளவை மட்டும், கூடுமானவரை நோயாளிக்குச் சொல்லிவிட்டு, குடும்பத்துடன் பகிர்ந்துகொள்ளலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு.

எடைபோடுதல்

தகவல்கள் சேர்ந்தபின், மாற்ற முடியாதவற்றையும் மாற்றக்கூடியவற்றையும் வைத்தியர் பிரித்துப் பார்க்கிறார். முந்திய முயற்சி, குடும்பத்தில் ஒருவரின் தற்கொலை, போரிலோ 2004 ஆழிப்பேரலையிலோ நேர்ந்த இழப்பு ஆகியவை நடந்து முடிந்தவை. நித்திரையின்மை, அன்றாடக் குடி, சிகிச்சையில்லாத மனச்சோர்வு, தாங்க முடியாத உடல்வலி, கடன் நெருக்கடி, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் போத்தல் ஆகியவை மாற்றக்கூடியவை. முதல் வகை ஒருவரின் நீண்டகால ஆபத்தைக் காட்டுகிறது. இன்றிரவு செய்யக்கூடிய வேலை இரண்டாம் வகையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் மீதான பாசமும் கோயிலோ பள்ளிவாசலோ தரும் பற்றுதலும் பலரைத் தாங்கிப் பிடிக்கின்றன என்பது உண்மையே. ஆயினும், ‘பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒன்றும் செய்யமாட்டார்’ என்று அமைதியடைவதை அனுபவமுள்ளவர்கள் செய்வதில்லை. ஆழ்ந்த மனச்சோர்வில் ஒருவருக்குத் தாம் இல்லாவிட்டால் பிள்ளைகள் நன்றாக இருப்பார்கள் என்றே தோன்றலாம். அப்போது காக்கும் காரணமே தள்ளும் காரணமாகிவிடுகிறது.

நம் செய்தித்தாள்கள் ‘தவறான முடிவெடுத்து’ என்று எழுதுகின்றன. இறந்தவரைப் பழிக்கும் அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. அது உண்மைக்கும் புறம்பானது. இலங்கைக் கிராமங்களில் நஞ்சருந்திப் பிழைத்தவர்களிடம் பேசிய ஆய்வாளர்கள், அவர்களில் பலர் எண்ணம் தோன்றி அரை மணி நேரத்துக்குள் அதைச் செய்திருந்ததை அறிந்தார்கள். நெடுநாள் சிந்தித்து எடுக்கப்பட்ட முடிவு அங்கே இல்லை. கொந்தளிப்பின் ஒரு கணமும் அருகில் ஒரு போத்தலும் இருந்தன. ஆகவே ‘உறுதியான திட்டம் இல்லை’ என்பதை மட்டும் வைத்து நம் நாட்டு வைத்தியர் ஒருவர் நிம்மதியடைய முடியாது. போத்தல் எங்கே இருக்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

இலங்கையின் தற்கொலை வீதம் 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 என்ற, உலகின் மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றை எட்டியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. மக்களின் துயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார்கள். அந்த ஆண்டுகளில்தான் போரின் கொடிய காலமும் ஆழிப்பேரலையும் வந்துபோயின. கொல்லும் தன்மை மிகுந்த பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் 1995இலும் 1998இலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. வீடுகளுக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்தால் போதாதா என்பதையும் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி பூட்டுப்பெட்டிகள் நஞ்சருந்தலைக் குறைக்கவில்லை. திறப்பும் அதே வீட்டில்தானே இருக்கிறது. ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும்போது இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரானது: போத்தலைப் பூட்டிவைக்கச் சொல்வதைவிட, ஆபத்துக் கடக்கும் வரை அதை வீட்டைவிட்டே அகற்றச் சொல்வது மேல்.

விடுதியா, வீடா

இப்போது முடிவு. நம் மீனவர் அன்றிரவு மது குடித்திருக்கிறார். போதையில் சொல்லப்படும் ‘சாகப்போகிறேன்’ என்பதையும் ‘ஒன்றுமில்லை’ என்பதையும் இறுதியான வார்த்தையாக எடுக்க முடியாது. ஆகவே அவர் இரவு வைத்தியசாலையிலேயே இருக்கவேண்டும். காலையில் தெளிந்தபின் மீண்டும் பேசவேண்டும். நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தும்போது முதல் சில நாட்களில் நடுக்கமும் வலிப்பும் குழப்பநிலையும் வரக்கூடும் என்பதால், அதற்கான மருந்தும் உயிர்ச்சத்து பி1ம் கொடுக்கப்படும்.

காலையில் அவர் வேறு மனிதராக இருக்கக்கூடும். குனிந்த தலையோடு, “செய்திருப்பன், பிள்ளை வராட்டி” என்று சொல்லக்கூடும். அந்த ஒரு வாக்கியம் பல மணி நேரப் பரிசோதனைக்குச் சமம்.

விடுதியில் வைத்திருப்பது எப்போதும் பாதுகாப்பானது என்று நினைப்பது இயல்பு. உடனடியான, உறுதியான எண்ணம் இருக்கும்போதும், நோயாளி யதார்த்தத்திலிருந்து விலகியிருக்கும்போதும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதபோதும், வீடே துன்பத்தின் ஊற்றாக இருக்கும்போதும் அது அவசியம்தான். ஆயினும் விடுதியில் அனுமதிப்பதற்கும் ஒரு விலை உண்டு. உழைப்புப் போகிறது, ஊரில் பேச்சு எழுகிறது, அடுத்த முறை உண்மையைச் சொன்னால் அடைத்துவைப்பார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் அவர் பின்னர் வாயே திறக்கமாட்டார். எனவே பாதுகாப்பைத் தரக்கூடிய வழிகளுள் சுதந்திரத்தை மிகக் குறைவாகப் பறிப்பது எது என்று வைத்தியர்கள் தேடுகிறார்கள். வெருகலில் பிள்ளை பெற்று ஆறு வாரமான இளந்தாய் ஒருத்தி, குழந்தையைத் தூக்கவும் மனமில்லாமல் சுவரைப் பார்த்திருக்கிறாள் என்றால், அவளைத் தொலைவிலுள்ள விடுதிக்குக் கொண்டுவருவது குழந்தையிடமிருந்தும் தன் தாயிடமிருந்தும் அவளைப் பிரிக்கக்கூடும். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரும், கூடவே படுத்துறங்கும் அம்மம்மாவும், நெருங்கிய கிளினிக் நாளும் அவளுக்கு மேலான பாதுகாப்பாக இருக்கலாம். ஆனால் அதே தாய், குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினால் கணக்கு முழுவதும் மாறுகிறது. அது பேற்றுக்குப் பின்வரும் கடும் உளநோயின் அறிகுறி, இருவரின் உயிருக்குமே ஆபத்து, அன்றே அனுமதிக்க வேண்டியது.

மறுப்பவரை வைத்திருப்பது எல்லாவற்றிலும் கடினமான தீர்மானம். மூதூரிலிருந்து கொண்டுவரப்படும் இளைஞன் ஒருவனுக்குக் காதில் குரல்கள் கேட்கின்றன. கடலுக்குள் நடந்துபோ என்று அவை கட்டளையிடுகின்றன. தனக்கு நோய் இல்லை என்று அவன் உறுதியாக நம்புகிறான். தன் நிலையை எடைபோட்டு முடிவெடுக்கும் ஆற்றலை நோய் பறித்திருக்கிறதா, வேறு வழியில் அவனைக் காக்க முடியுமா என்ற இரண்டையும் வைத்தியர் கேட்டுக்கொள்கிறார். நம் நாட்டில் மறுப்பவரை வைத்திருக்கும் அதிகாரம் 1873இல் ஆங்கிலேயர் காலத்தில் பிறந்த கட்டளைச் சட்டத்திலிருந்து வந்தது. நோயாளியின் உரிமைகளை மையமாகக் கொண்ட சட்டம் வேண்டும் என்று உளநலத் துறையினர் நெடுங்காலம் கேட்டுவந்திருப்பதில் நியாயம் இருக்கிறது. இத்தகைய இளைஞர்கள் பிறரைத் தாக்குவார்கள் என்ற பயம் ஊரில் பெரிதாக இருக்கிறது. உண்மையில் உளநோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் எவரையும் தாக்குவதில்லை. அவர்களே தாக்கப்படுவதுதான் அதிகம். ஆயினும் குரல்கள் குறிப்பிட்ட ஒருவரைத் தாக்கச் சொல்கின்றனவா என்று வைத்தியர் கேட்காமல் விடுவதில்லை.

சிகிச்சையின் தெரிவும் ஆபத்தைப் பொறுத்தே அமையும். மனச்சோர்வுக்கான மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அந்த வாரங்களை எப்படிக் கடப்பது என்பது தனிக் கேள்வியாகிறது. உணவும் நீரும் மறுக்கும் அளவுக்கு நோய் முற்றியவருக்கு, மயக்க மருந்து கொடுத்து, மூளையில் சிறிது மின்சாரம் செலுத்திச் செய்யப்படும் மின்வலிப்புச் சிகிச்சை விரைவாகப் பயன்தரும். திரைப்படங்கள் அதற்குத் தந்த கெட்ட பெயர் நியாயமற்றது. மிகை எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் இடையே மனம் மாறும் இருமுனை உளநோயில் லித்தியம் என்ற மருந்தும், மனச்சிதைவு நோயில் குளோசப்பின் என்ற மருந்தும் தற்கொலை ஆபத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரண்டுக்கும் ஒழுங்கான இரத்தப் பரிசோதனை வேண்டும். அளவு மீறினால் ஆபத்தாகும் மருந்தாக இருந்தால், ஒரு மாதத்துக்குப் பதிலாக ஒரு கிழமைக்கு மட்டும் கொடுத்து, வீட்டில் வேறொருவர் கையில் ஒப்படைக்கச் சொல்வார்கள். மருந்தை எடுக்க அடிக்கடி வரச்செய்கிறார்களே என்று என் குடும்பம் முணுமுணுத்ததன் காரணம் இதுதான் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

சத்தியம் வாங்குவதல்ல

நம் வீடுகளில் இத்தகைய வேளையில் முதலில் நடப்பது, “பிள்ளையள் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ” என்று கேட்பது. உளநல வைத்தியர்களும் ஒரு காலத்தில் இதையொத்த ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கினார்கள். அது எவரையும் காப்பதாக நிரூபணமாகவில்லை; சத்தியத்தை மீறிவிடுவேனோ என்று அஞ்சுபவர் தம் எண்ணத்தை மறைக்கவும் தொடங்குகிறார். அதன் இடத்துக்கு இப்போது பாதுகாப்புத் திட்டம் என்ற ஒன்று வந்திருக்கிறது. பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் ஆகிய அமெரிக்க உளவியலாளர் இருவர் வகுத்த முறை இது. எதைச் செய்யக் கூடாது என்று கேட்பதை விட்டு, அந்தக் கணம் வந்தால் எதைச் செய்வது என்று நோயாளியின் சொந்தச் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்வார்கள்.

நம் மீனவரின் தாளில் என்ன இருக்கலாம்? ‘இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்து கடன் கணக்கு ஓடத் தொடங்கினால்’ என்பது முதல் அடையாளம். எழுந்து முகம் கழுவி, வெளியே வலை பொத்தும் இடத்தில் விளக்கைப் போட்டு உட்காருவது அவர் தாமே செய்யக்கூடியது. அப்படியும் தணியாவிட்டால் மைத்துனரை எழுப்புவது. அதுவும் போதாவிட்டால் கட்டணமின்றி அழைக்கக்கூடிய 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம், இறுதியாக வைத்தியசாலை. போத்தலை மாமனார் வேறொரு வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டார் என்பதும் அதில் எழுதப்படும். கடனுக்கான வழியும் சிகிச்சையின் பகுதியே. பிரதேச செயலகத்திலோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலோ அதைப் பேசிப் பார்க்க யார் கூடச் செல்வது என்று கேட்காத திட்டம் அரைகுறையானது. மாத்திரை நித்திரையைத் தரும். கிழமைதோறும் வாசலில் வந்து நிற்பவரை அது நிறுத்தாது. இத்தகைய திட்டத்தை எழுதிக் கொடுத்துப் பின்னர் தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தைகள் ஏறக்குறைய பாதியளவு குறைவாக இருந்ததை 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

வீட்டுக்கு விடும் நாள் முடிவல்ல என்பதையும் குடும்பங்கள் அறியவேண்டும். விடுதியிலிருந்து வெளியேறிய முதல் வாரமும் முதல் மூன்று மாதங்களுமே ஆபத்து மிகுந்த காலம். என் சின்னம்மாவை ஒரு முறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விட்டபோது, அடுத்து எப்போது வருவது என்று எவரும் சொல்லவில்லை. கொப்பியில் மருந்தின் பெயர்கள் மட்டுமே இருந்தன. அதன்பின் வந்த மூன்று வாரங்களில் எங்கள் வீட்டில் எவரும் சரியாக உறங்கவில்லை.

தொடர்பைப் பேணுவது எவ்வளவு பெரிய சிகிச்சை என்பதற்கு நமக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. கொழும்பு, சென்னை, பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயற்சித்துப் பிழைத்து வந்த 1,867 பேரைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் ஒரு பரிசோதனை நடத்தியது. ஒரு பகுதியினருக்கு வழமையான பராமரிப்பு. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேரம் அமர்ந்து பேசிய விளக்கமும், பதினெட்டு மாதங்களில் தொலைபேசியிலோ நேரிலோ ஒன்பது முறை விசாரித்த தொடர்பும். 2008இல் வெளியான முடிவின்படி, வழமையான பராமரிப்புப் பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், தொடர்பு பேணப்பட்டவர்களில் 0.2 சதவீதம். விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கே இல்லை. ஒருவர் அழைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

ஆகவே நம் மீனவர் செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போகும்போது மனைவி கேட்டுப் பெறவேண்டியவை உண்டு: அடுத்த கிளினிக் எந்தத் திகதி, அதற்கு முன் யார் அழைப்பார், எந்த மாற்றத்தைக் கண்டால் காத்திராமல் கொண்டுவருவது, மருந்து யார் கையில் இருப்பது. வைத்தியரும் தாம் ஏன் இப்படி முடிவெடுத்தார் என்பதைக் குறிப்பேட்டில் காரணத்தோடு எழுதுகிறார். சந்தேகமிருந்தால் இன்னொரு வைத்தியரிடம் கேட்கிறார். பொறுப்பைத் தனியே சுமப்பவர் ஒன்றில் பயத்தால் எல்லோரையும் அடைத்துவைப்பார், அல்லது களைப்பால் எல்லோரையும் அனுப்பிவிடுவார் என்பதால் இது கூட்டாகச் செய்யவேண்டிய வேலை.

வெள்ளிக்கிழமை தொலைபேசி வரும். அடுத்த கிழமை அவர் கிளினிக்குக்கு வருவார். நித்திரை கொஞ்சம் வந்திருக்கும். அப்போதும் மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அந்த முதலிரவில் கேட்ட அதே கேள்வியை வைத்தியர் மீண்டும் கேட்பார். மூன்றாம் கிழமையும் கேட்பார். காற்றுத் தணிந்து வள்ளம் இறங்கிய பிறகு, அவர் சிரித்துக்கொண்டு வரும் நாளிலும் கேட்பார்.